தோல் பேச்சை விட்டது

அந்தக் காலத்தில் மனுஷ உடம்பில் இருக்கிற ஒவ்வொன்றுக்கும் வாய் இருந்தது. பசித்தால் வயிறு சும்மா இரையாது, "சோறு போடு" என்று கேட்கும். நடந்து ஓய்ந்தால் கால் திட்டும். எல்லாரையும்விட அதிகம் பேசியவள் தோல்தான். எல்லையில் நிற்கிறவள் அவள், சொல்ல அவளுக்கு நிறைய இருந்தது.

அவளுக்கு ஒரு வேலையும் இருந்தது. சூரியன் தினமும் வந்து அவளிடம் ஒரு சொல்லைக் கொடுத்துவிட்டுப் போகும். அது பச்சைச் சொல். அவள் அதை ஈரலுக்கு அனுப்புவாள், ஈரல் சிறுநீரகத்துக்கு அனுப்பும். இரண்டும் அதைப் பக்குவம் செய்து, உள்ளே காவல் இருக்கிறவர்களிடம் சேர்க்கும்.

அந்தக் காவல்காரர்களில் இரண்டு பேரைத் தெரிந்தால் போதும். ஒருவன் கடுகடுப்பான். மூக்கிலும் கண்ணோரத்திலும் மூச்சுக்குழாயிலும் அரிப்புப்பொடி மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். யார் வந்தாலும் மூட்டையை அவிழ்க்க அவன் கை பரபரக்கும். இன்னொருவன் பெருவாயன். உள்ளே வருகிற நோயை அப்படியே விழுங்கிவிடுவான். விழுங்கியதை வெட்டிப்போட வயிற்றுக்குள் ஒரு கத்தி வைத்திருந்தான். சூரியனின் சொல் வந்தால் கடுகடுப்பானின் கோபம் அடங்கும், பெருவாயனின் கத்திக்குச் சாணை ஏறும்.

கரிசல் காட்டில் சீனியம்மாள் என்று ஒருத்தி இருந்தாள். புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டான். ஒரே மகள், பெயர் வெயிலாள். மிளகாய்க் களத்தில்தான் அந்தப் பெண் வளர்ந்தாள். மிளகாய்ப் பழத்தைப் பரப்புவாள், புரட்டுவாள், கூட்டி அள்ளுவாள். தூசியும் நெடியும் எழும்பிக்கொண்டே இருக்கும். மற்றவர்கள் மூக்கைப் பொத்துவார்கள். இவள் பாட்டுக்குப் பேசிக்கொண்டு வேலை பார்ப்பாள். காய்ச்சல் தலைவலி என்று ஒரு நாள் படுத்தவள் இல்லை.

அவளைப் பெண் பார்க்க உலகம்மாள் என்பவள் வந்தாள். நிலம் நீச்சு உள்ள வீடு, ஒரே பையன். வெயிலாளை மேலும் கீழும் பார்த்தாள். காப்பியைக் குடித்து முடித்துவிட்டுச் சொன்னாள்.

"பொண்ணு அம்சமாத்தான் இருக்கா மதினி. நிறந்தான் வெயில்ல அடிபட்டுக் கெடக்கு. ஒரு வருசம் போகட்டும், தெளிஞ்சா பாப்போம்."

தெளிவதற்கு அது என்ன கலங்கின தண்ணியா? சீனியம்மாள் அப்படிக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அவளே கறுப்பி என்று பேச்சு வாங்கி வாங்கி வாழ்ந்தவள். புகுந்த வீட்டில் அவளை நல்லது கெட்டதுக்கு முன்னால் நிற்கவிட்டதே இல்லை. மகளுக்காவது அந்தக் கதி வேண்டாம் என்று நினைத்தாள். பாவம், அதில் கள்ளம் இல்லை. மறுநாளே மகளை உள்ளறையில் விட்டு, சன்னலில் சாக்கைக் கட்டித் தொங்கவிட்டாள்.

"கொஞ்ச நேரம் வாசல்ல உக்காந்துட்டு வாரேன்மா" என்று வெயிலாள் கேட்பாள்.

"தாலி ஏறட்டும். அப்புறம் நாள் பூரா வெயில்ல கெட, ஒன்னய யாரு கேக்கப்போறா?"

கொழுப்பில் சேர்த்து வைத்திருந்த பழைய சொல்லை வைத்துக் காவல்காரர்கள் கொஞ்ச காலம் ஓட்டினார்கள். அதுவும் தீர்ந்தது. சூரியன் தினமும் கூரைமேல் வந்து நின்று பார்த்துவிட்டுப் போனது. வெயிலாளின் தோல் பொறுத்துப் பார்த்துவிட்டுச் சீனியம்மாளிடம் வாயைத் திறந்தாள்.

"இந்தா சீனியம்மா, என்னயக் கொஞ்சம் வெளிய விடு. உள்ள இருக்கறவங்களுக்குச் சொல்லு போய்ச் சேரல. ஒருத்தன் கிறுக்குப் பிடிச்சு நிக்கான், ஒருத்தன் கத்தி மழுங்கி உக்காந்திருக்கான். நாளைக்கு ஒண்ணுன்னா யாரு வந்து நிப்பா?"

"ஒன்னாலதாண்டி எம்மக கல்யாணம் நிக்கிது" என்றாள் சீனியம்மாள். "நீ வெளுத்தாப் போதும். பேசாத."

தோல் விடவில்லை. மறுபடி சொன்னாள். அப்போதுதான் சீனியம்மாள் அந்தக் காரியத்தைச் செய்தாள். மஞ்சளையும் கடலைமாவையும் தயிர் விட்டுக் கெட்டியாகக் குழைத்து, மகளின் உச்சி முதல் உள்ளங்கால் வரை பூசி, தோலின் வாயை அடைத்தாள். காய்ந்து உதிர்ந்தால் மேலே இன்னொரு பூச்சு. இப்படியே தினமும். தோலின் குரல் வர வரக் குறைந்து, கடைசியில் நின்றேவிட்டது.

பங்குனியில் வேம்பு பூத்தது. சாக்கு இடுக்கு வழியாகப் பூத்தூள் பறந்து வந்து வெயிலாளின் மூக்கில் உட்கார்ந்தது. வருஷா வருஷம் வருகிற விருந்தாளிதான். "அவரு நம்ம ஆளுதான், விடு" என்று சொல்லுகிற சொல்தான் இந்த வருஷம் வரவில்லை. கடுகடுப்பான் மூட்டையை அவிழ்த்து உதறினான். வெயிலாள் தும்மினாள். தும்மித் தும்மிக் கண் வீங்கிற்று, தடிப்புத் தடிப்பாக உடம்பு அரித்தது, மூச்சு இழுத்தது. மிளகாய்க் களத்தில் நின்றவள் வேப்பம்பூவுக்குச் சுருண்டு கிடந்தாள்.

சீனியம்மாள் மகளின் நெஞ்சை நீவிவிட்டுக்கொண்டே ஒரு முடிவுக்கு வந்தாள். வெளிக்காற்று இவளுக்கு ஆகவில்லை என்று. எழுந்து போய்ச் சன்னலில் இன்னொரு சாக்கைக் கட்டினாள். இந்த இடத்தைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது.

ஒரு வருஷம் ஆனதும் உலகம்மாள் மறுபடி வந்தாள். கொஞ்ச நாளாக அவளுக்கு ஓயாத இருமல். முந்தானையை வாயில் வைத்து இருமிக்கொண்டே உள்ளறைக்குள் போய், வெயிலாளின் முகத்தைக் கையில் ஏந்திப் பார்த்தாள்.

"இப்பத்தான் மதினி மகாலச்சுமி கணக்கா இருக்கா. ஆவணில முகூர்த்தத்த வச்சுருவோம்."

சொல்லி முடிக்கும்முன் இருமல் வந்துவிட்டது. அந்த இருமலோடு காசநோயும் வெளியே வந்து, வெயிலாளின் மூச்சோடு உள்ளே போனது. அது சத்தம் போடவில்லை, யாரையும் இடிக்கவில்லை. பெருவாயன் முன்னால் போய்ப் பணிவாக நின்றது.

"நான் சம்பந்தி வீட்டு ஆளுங்க" என்றது.

பெருவாயன் வழக்கம்போல விழுங்கினான். வெட்டக் கத்தியை எடுத்தான். அது மழுங்கிப்போயிருந்தது, வெண்ணெயைக்கூட வெட்டாது. "சொல்லு இன்னுமா வரல?" என்று தோலைப் பார்த்துக் கேட்டான். தோல் மஞ்சளுக்கு அடியில் ஊமையாக நின்றாள். விழுங்கிய நோய் அவன் வயிற்றுக்குள்ளேயே அடுப்பு மூட்டி, குடும்பம் நடத்தி, பிள்ளை குட்டி பெற்றது. அந்த நேரத்தில் கடுகடுப்பான் என்ன செய்துகொண்டிருந்தான் தெரியுமா? மூக்கு வாசலில் நின்று பாய்த்தூசியோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தான்.

வெயிலாள் இளைத்தாள். இருமினாள். முந்தானையில் ரத்தம் பட்டது. வெளுத்து வெளுத்து, உலகம்மாள் கேட்டதற்கும் மேலாக வெளுத்தாள்.

"அம்மா, வாசல்ல உக்காரணும்போல இருக்கு" என்றாள் ஒரு நாள்.

இந்தத் தடவை சீனியம்மாள் மறுக்கவில்லை. சாக்கையெல்லாம் பிய்த்து எறிந்தாள். மகளை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு ஓடி வந்து வாசலில் மடியில் கிடத்தினாள். ஈரத்துணியால் மஞ்சளை அழுந்தத் துடைத்தாள்.

"பேசு தாயி" என்று தோலிடம் கெஞ்சினாள். "நீ என்ன சொன்னாலும் கேக்கேன். ஒரு வார்த்த பேசு."

வெயில் வந்து விழுந்தது. தோல் சொல்லை வாங்கி ஈரலுக்குக் கொடுத்தாள். அது பக்குவமாகிப் பெருவாயனிடம் போய்ச் சேர்வதற்குள் வெயிலாளின் மூச்சு நின்றுவிட்டது.

முகூர்த்தம் குறித்த ஆவணியில் அவளை எடுத்தார்கள். வெயிலே படக் கூடாது என்று பொத்தி வைத்த பிள்ளையை உச்சி வெயிலில்தான் சுடுகாட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். கூட நடந்தவர்களின் தோலெல்லாம் அதைப் பார்த்துக்கொண்டே வந்தன. இவர்களிடம் பேசி என்ன ஆகப்போகிறது என்று அங்கேயே ஒவ்வொன்றாக வாயை மூடிக்கொண்டன. அதைப் பார்த்து வயிறும் காலும்கூடப் பேச்சை விட்டுவிட்டன.

தோல் வாய் திறப்பதில்லை என்று ஆனது அன்றைக்குத்தான். வெயில் பட்டால் வாங்கி உள்ளே கொடுப்பாள், படாவிட்டால் கேட்க மாட்டாள். சொல் போய்ச் சேராத உடம்பில் கடுகடுப்பான் பூத்தூளோடு மல்லுக்கு நிற்கிறான், பெருவாயன் நோய்க்கு வயிற்றில் இடம் கொடுத்து வைத்திருக்கிறான். உலகம்மாள் மட்டும் அடுத்த தையில் வேறொரு வீட்டில் காப்பியைக் குடித்துவிட்டு, பொண்ணு என்ன நிறம் என்று கேட்டாள். இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறாள்.