மீட்டரில் ஒரு சிவப்புப் பொட்டு

வெள்ளிக்கிழமை மௌன செபம் முடிந்து எல்லாரும் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்கள். ராயப்பன் மட்டும் பாயை விட்டு எழவில்லை. அவரிடம் ஒரு கேள்வி இருந்தது. எந்த வெள்ளிக்கிழமைதான் அவரிடம் கேள்வி இல்லாமல் இருந்தது?

சீடரான ராயப்பனுக்குத் தலை முழுக்க நரை. குருவான அமலோற்பவம் சிஸ்டருக்கு அவருடைய கடைசித் தங்கச்சி வயதுகூட இருக்காது. ஊருக்கு வெளியே தியான இல்லத்தில் வாரம் ஒரு நாள் பத்துப் பன்னிரண்டு பேரைக் கண்ணை மூடி உட்கார வைப்பார். பேச்சு குறைவு. ராயப்பனோ கூல்டிரிங்க்ஸும் ஐஸும் விற்கும் கூல்பார் நடத்தியவர். இரண்டு பேருக்கும் சேர்த்து அவரே பேசிவிடுவார்.

"சிஸ்டர், அடங்காதவனுக்கு அடக்கத்தை எப்படிப் புரிய வைக்கது?"

"யாருக்கு?"

"பொதுவாத்தான் கேக்கேன்."

சிஸ்டர் காத்திருந்தார். காத்திருப்பதில் அவரை யாரும் ஜெயிக்க முடியாது.

"என் தம்பிக்கு," என்றார் ராயப்பன்.

பிறகு கொட்டித் தீர்த்தார். அப்பா கட்டிய வீடு. நடுவில் முற்றம். வடக்குப் பக்கம் இவர், தெற்குப் பக்கம் தம்பி சந்தியாகு. இரண்டு குடும்பத்துக்கும் மீட்டர் ஒன்றுதான். பில் வந்தால் பாதிப் பாதி.

"டிசம்பர் பிறந்துரக் கூடாது சிஸ்டர். வாசல்ல ஸ்டாரு. தூணைச் சுத்தி சீரியல் செட்டு. முருங்க மரத்துல சீரியல் செட்டு. இந்த வருசம் மொட்டமாடிக் கைப்பிடியையும் விடல. ஜனவரி ஆறு, மூவிராசாக்கள் திருநாள் வரைக்கும் விடிய விடிய எரியும். யூனிட்டு ஐநூறத் தாண்டிட்டா ரேட்டே வேறல்லா? அவன் வீடு மினுக்கதுக்கு நான் எதுக்குப் பாதி கெட்டணும்?"

"ஆகஸ்டு மாசம் பில் குறைவா வந்துதா?"

"அப்பமும் கூடத்தான் வந்துது. அது வெயிலு. ஃபேனு ஓடும்."

"தம்பிகிட்டச் சொன்னீங்களா?"

"நாங்க பேசிக்கிடது இல்ல."

"எப்போல இருந்து?"

"கடையை மூடுனதுல இருந்து."

பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே அண்ணனும் தம்பியும் சேர்ந்து நடத்திய கூல்பார் அது. நல்ல ஓட்டம். சந்தியாகுவுக்குப் பள்ளிக்கூடத்தில் கிளார்க் வேலை கிடைத்தது. போய்விட்டான். ராயப்பன் ஒற்றை ஆளாக இழுத்துப் பார்த்தார், முடியவில்லை. ஷட்டரை இறக்கினார். ஊரில் யாரும் அதைத் துரோகம் என்று சொல்லவில்லை. ராயப்பன்தான் சொன்னார். சொல்லிச் சொல்லி அவருக்கே அது உறுதியாகிவிட்டது.

"நான் முடிவு பண்ணிட்டேன் சிஸ்டர். திங்கக்கிழமை கொத்தனார் வாரார். முற்றத்துக்கு நடுவுல சுவரு. அது முடிஞ்சதும் தனி மீட்டரு. செங்கல் இறக்கியாச்சு. அப்பா கெட்டுன வீடு, மனசு கேக்கத்தான் மாட்டேங்குது. ஆனா யார் சொன்னாலும் இனி மாத்த மாட்டேன்."

"முடிவு பண்ணியாச்சுன்னா அப்புறம் எதுக்குக் கேள்வி, அண்ணாச்சி?"

ராயப்பன் பாயின் ஓரத்தை நகத்தால் கீறினார். கடைசியில் சுருட்ட ஆரம்பித்தார்.

"ஞாயித்துக்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு வாரேன். ஸ்டார் எரியும்போது," என்றார் சிஸ்டர்.

சொன்னபடி வந்தார். சந்தியாகு வீட்டு வாசலில் நட்சத்திரம் எரிந்துகொண்டிருந்தது. முருங்கை மரத்தில் சிவப்பும் பச்சையும் மாறி மாறி ஓடின. முற்றத்தின் நடுவே செங்கல் இடுப்பு உயரத்துக்கு அடுக்கியிருந்தது. ராயப்பன் மனைவி செபஸ்தியாள் காப்பி கொண்டுவந்தாள். சிஸ்டர் அதை நின்றுகொண்டே குடித்துவிட்டு, "மீட்டர் எங்க இருக்கு?" என்றார்.

காம்பவுண்டுச் சுவரில் இருந்தது. கீழே இரண்டு மெயின் சுவிட்ச், வீட்டுக்கு ஒன்று. மீட்டரின் நெற்றியில் ஒரு சிவப்புப் பொட்டு மினுக் மினுக்கென்று அடித்துக்கொண்டிருந்தது.

"கரண்டு ஓடுனா இது மினுக்கும். எவ்வளவு ஓடுதோ அவ்வளவு வேகம். அப்படித்தானே?"

"ஆமா. ஊருக்கே தெரியுமே," என்றார் ராயப்பன்.

"உங்க வீட்டுல எல்லாத்தையும் அணைங்க."

ராயப்பன் உற்சாகமாக ஓடினார். ஃபேன், டிவி, ஃபிரிட்ஜ், சாமி படத்துக்கு மேலிருந்த குட்டி பல்பு, ஒன்றையும் விடவில்லை. சிஸ்டர் முற்றத்தைத் தாண்டிப் போய் சந்தியாகுவிடம் ஏதோ சொன்னார். அந்த வீட்டிலும் ஒவ்வொன்றாக அணைந்தது. நட்சத்திரமும் சீரியல் செட்டும் மட்டும் மிச்சம்.

பொட்டு வேகம் குறைந்தது. ஆனால் நிற்கவில்லை. விடாமல் அடித்தது.

"பாத்தீங்களா சிஸ்டர்! வேற ஒண்ணும் எரியல. வெறும் அலங்காரத்துக்கே இந்த ஓட்டம் ஓடுது!" ராயப்பனின் குரல் அந்தப் பக்கம் கேட்கட்டும் என்றே உயர்ந்தது. இத்தனை வருஷ வழக்கில் தீர்ப்பு வந்துவிட்ட சந்தோஷம் அவருக்கு.

"சந்தியாகு, அதையும் அணைச்சிருங்க," என்றார் சிஸ்டர்.

நட்சத்திரம் போனது. மரம் இருண்டது. அக்கம்பக்கத்து வீடுகளின் வெளிச்சம்தான் முற்றத்தில் விழுந்தது.

ராயப்பன் மீட்டரைப் பார்த்தார். பொட்டு அடித்துக்கொண்டிருந்தது. வேகம் கொஞ்சம் குறைந்த மாதிரி இருந்தது. அதுவும் உற்றுப் பார்த்தால்தான் தெரிந்தது.

"உள்ள எதையோ போட்டு வச்சிருக்கான்," என்றார் ராயப்பன். "அவன் சொன்னா நீங்க நம்பிருவீங்களா?"

சிஸ்டர் சந்தியாகுவின் மெயின் சுவிட்சைக் கீழே இறக்கினார்.

பொட்டு அடித்துக்கொண்டிருந்தது.

ராயப்பன் மீட்டரை விரலால் தட்டிப் பார்த்தார். அது கோளாறு என்று சொல்ல வாயெடுத்தார், சொல்லவில்லை. வியாபாரி. கணக்கு எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்க்கத் தெரியாதவர் அல்ல.

"நான் எல்லாத்தையும் அணைச்சிட்டேனே," என்றார் மெதுவாக.

எந்தச் சத்தமும் இல்லாத வீட்டில் ஒரு சத்தம் மட்டும் கேட்டது. பின்பக்கத்திலிருந்து ஒரு ர்ர்ர்ர்.

"அங்க என்ன?"

"அது ஒண்ணும் இல்ல சிஸ்டர். பழைய சாமான் கிடக்க ரூமு. கடையில இருந்த ஐஸ் பெட்டி. அது காலிப் பெட்டி."

"ஓடுதே?"

"ஓடாம போட்டா கம்ப்ரசர் போயிரும்லா? அதான் பிளக்கப் புடுங்குறது இல்ல. உள்ள ஒரு குச்சி ஐஸ்கூட கிடையாது. காலிப் பெட்டி என்னத்த இழுக்கும்?"

செபஸ்தியாள் இருட்டில் நின்றுகொண்டு சொன்னாள்: "நானும் சொல்லிப் பாத்தாச்சு சிஸ்டர். அந்தப் பெட்டியப் பத்திப் பேசுனா அன்னைக்குச் சோறு இறங்காது அவருக்கு."

"சாவி இருக்கா?" என்றார் சிஸ்டர்.

சாவி ராயப்பனின் இடுப்பிலேயே இருந்தது. சிஸ்டர் சந்தியாகுவின் சுவிட்சை மேலே ஏற்றிவிட்டு அவர் பின்னால் போனார்.

அறைக்குள் விளக்கைப் போட்டதும் பெட்டி தெரிந்தது. ஆள் படுக்கலாம், அவ்வளவு நீளம். மேலே சாக்கும் அட்டைப்பெட்டியும் ஏறிக் கிடந்தன. ராயப்பன் அவற்றைத் தள்ளிவிட்டு மூடியைத் தூக்கினார். வரவில்லை. இரண்டு கையாலும் பலம் கொடுத்து இழுத்தார். பட்டென்று பிரிந்து வெள்ளைப் புகை எழும்பியது.

உள்ளே காலியாக இல்லை. நாலு பக்கமும் பனி வளர்ந்து நடுவில் ஒரு சொம்பு வைக்கக்கூட இடம் இல்லாமல் அடைத்திருந்தது. இத்தனை வருஷமாக இந்தப் பெட்டி ராவும் பகலும் ஓடியிருக்கிறது. பாதிப் பணத்தைத் தம்பி கட்டியிருக்கிறான். ஒரு தடவைகூட ஏன் இவ்வளவு என்று ஆள் விட்டுக் கேட்டதில்லை.

ராயப்பனுக்கு வெட்கமாக இருந்தது. கண்ணிலும் நீர் முட்டியது. சிஸ்டர் பார்க்கக் கூடாது என்று பெட்டிக்குள் குனிந்தார்.

"கடையைத் திரும்பத் திறக்கப் போறீங்களா, அண்ணாச்சி?"

"அந்த இடத்துல இப்ப மெடிக்கல் ஷாப்பு."

"அப்போ பெட்டி?"

ராயப்பன் நிமிரவில்லை. "என்னைக்காவது அவன் வந்து, அண்ணே நான் போயிருக்கக் கூடாதுன்னு ஒரு வார்த்தை சொல்லுவான்னு பாத்தேன் சிஸ்டர். சொல்லிட்டா மறுநாளே எங்கயாவது கடையப் போட்டிருப்பேன். பெட்டி ரெடியா இருக்கட்டும்னு வச்சேன்."

"இப்போ எத்தனை வயசு உங்களுக்கு?"

"அறுபத்து மூணு."

வெளியே நட்சத்திரம் மறுபடி எரிந்தது.

ராயப்பன் மூக்கைத் துடைத்தார். சுவரோரம் குனிந்து பிளக்கைப் பிடித்து ஒரே இழுப்பில் பிடுங்கினார். பெட்டி ஒருமுறை உடம்பை உலுக்கி அடங்கியது. முடிவெடுத்தால் முடிவுதான் அவருக்கு. கதவுக்குப் பின்னால் சாத்தியிருந்த கடப்பாரையைத் தூக்கினார்.

"என்ன செய்யப் போறீங்க?"

"இன்னைக்கே இந்தப் பனியப் பேத்து எறிஞ்சிருதேன். காலைக்குள்ள பெட்டி வெளிய போயிரணும்."

"குத்தாதீங்க. உள்ள குழாய் ஓடுது, ஓட்டையாயிரும். அதுவா உருகட்டும்."

"அது எப்ப உருகி முடியும்?"

"எத்தனை வருசமாச் சேந்தது?"

ராயப்பன் கடப்பாரையைக் கீழே வைத்தார். "அப்ப நான் என்னதான் செய்யட்டும், சிஸ்டர்? கையக் கெட்டிக்கிட்டு நிக்கச் சொல்லுதீங்களா? என்னால முடியாது. ஒரு வேலையச் சொல்லுங்க."

"காத்து வேணும். அடைச்ச ரூமுல எப்படி உருகும்?"

"கதவு திறந்துதான கிடக்கு?"

சிஸ்டர் எதிர்ச் சுவரைப் பார்த்தார். அங்கே தம்பி வீட்டுப் பக்கம் திறக்கும் இன்னொரு கதவு இருந்தது. அப்பா காலத்தில் இரண்டு வீட்டுப் பெண்களும் அது வழியாகத்தான் போய் வந்தார்கள். இப்போது அதை மறைத்துக் காலி பாட்டில் வைக்கும் பிளாஸ்டிக் கிரேடுகள் அடுக்கியிருந்தன.

"ஒரு பக்கம் மட்டும் திறந்தா காத்து வந்துட்டு எங்க போகும்?" என்றார்.

ராயப்பன் வேட்டியை மடித்துக் கட்டினார். கிரேடுகளை ஒவ்வொன்றாகத் தூக்கி இந்தப் பக்கம் வைத்தார். செபஸ்தியாள் கைகொடுக்க வந்தாள். வேண்டாம் என்று தலையை ஆட்டினார். மூச்சு வாங்கியது. கடைசிக் கிரேடையும் எடுத்துவிட்டுத் தாழ்ப்பாளைப் பிடித்தார். துரு ஏறி அசைய மறுத்தது. செருப்பைக் கழற்றி அதன் அடியால் தட்டினார். உள்ளங்கையில் தோல் உரிந்தது. விடவில்லை. தாழ் கீச்சென்று விலகியது.

கதவைத் தள்ளினார். திறக்கவில்லை. தோளைக் கொடுத்தார். அப்போதும் திறக்கவில்லை. கதவுக்கு அந்தப் பக்கம் யாரோ நடப்பது கேட்டது. காலடி வந்து கதவருகில் நின்றுவிட்டது.

ராயப்பன் திரும்பி, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "அவனும் அந்தப் பக்கம் தாழ் போட்டிருக்கான், சிஸ்டர்."

"தட்டுங்க," என்றார் சிஸ்டர்.