ராஜா தூங்கிய சாலை

முன்னொரு காலத்தில் ஏழாற்று நாட்டைச் சிங்கமுடியான் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். சாலைகளைச் சோதிக்க அவனுக்கு ஒரே வழிதான் தெரியும். பல்லக்கில் ஏறுவான், தூக்கம் வந்தால் நல்ல சாலை, விழித்துக்கொண்டால் கெட்ட சாலை.

ஒருநாள் சபையில், "நம் சாலைகள் பேரப்பிள்ளைகள் காலம்வரை தாங்குமா?" என்று கேட்டான்.

"அதற்கு மேலும் தாங்கும், மகாராஜா," என்றான் சாலைகளுக்குப் பொறுப்பான தளவாய் வேங்கடமுத்து.

மந்திரி அறவாழிக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "அடுத்த மழைக்கே தாங்காது, மகாராஜா. சந்தைச் சாலையில் இறங்குகிற வண்டியெல்லாம் குடைசாய்கிறது."

"மந்திரிக்கு என்மேல் பொறாமை," என்றான் தளவாய். பொறாமை யாருக்கென்று சபைக்கே தெரியும்.

ராஜாவுக்குக் கோபம் மூக்குமேல் வந்தது. "சந்தையன்று அந்தச் சாலையில் போவோம். நான் விழித்தால் தளவாயின் பதவி போகும். தூங்கினால் உம் தலை போகும்."

அறவாழி கணக்குப் போட்டுப் பார்த்தார். ராஜா வருகிறார் என்றால் தளவாய் பள்ளத்தை விட்டுவைப்பானா?

விடவில்லை. சந்தையன்று காலை சாலை முழுக்கப் புது மணல். ராஜா குறட்டை விட்டான். அறவாழியும் தளவாயும் பல்லக்கோடு நடந்தார்கள்.

"தலைப்பாகையைக் கழற்றிவிடும். கடைசியாகக் கொஞ்சம் காற்றுப் படட்டும்," என்றான் தளவாய்.

அறவாழி தலைப்பாகையைக் கழற்றவில்லை. பயத்தில் தரையையே பார்த்து நடந்தார். அப்போதுதான் பொறி தட்டியது.

"மகாராஜா, எழுந்திருங்கள்."

"சுகமாகத் தூங்கினேன். உம் தலை போயிற்று."

"போகட்டும். இன்று சந்தை. இந்தச் சாலையில் ஒரு சக்கரத் தடமாவது இருக்கிறதா?"

ராஜா எட்டிப் பார்த்தான். ஒன்றுமில்லை.

"தாங்கள் வருவதால் வண்டிகளை நான்தான் நிறுத்தினேன்," என்றான் தளவாய் அவசரமாக.

"சரி. அந்தச் சோளக்கொல்லையைப் பாருங்கள், மகாராஜா."

கொல்லையின் நடுவே முழங்கால் ஆழத்துக்கு இரண்டு தடங்கள் ஓடின. இடையில் புல் வளர்ந்து மண்டியிருந்தது.

"இது நேற்றுப் பதிந்த தடமில்லை. சாலைக்குப் பயந்து ஜனங்கள் வெகுகாலமாகப் பயிரை மிதித்துப் போகிறார்கள். இந்த மணல் தங்களுக்காக மட்டும் வந்தது."

ராஜா இறங்கிக் கைத்தடியை மணலில் ஊன்றினான். பாதித் தடி உள்ளே போனது.

தளவாயின் பதவி அங்கேயே பறிபோனது. பானை ஏற்றிய வண்டியில் அவனை உட்காரவைத்துக் கொல்லைத் தடத்திலேயே ஊருக்கு அனுப்பினான் ராஜா. தன் முத்துமாலையை அறவாழிக்குப் போட்டான்.

"இனி என்ன செய்யலாம், மந்திரியாரே?"

"எந்தச் சாலையில் போகப்போகிறீர்கள் என்பதை யாரிடமும் சொல்லாதீர்கள், மகாராஜா. என்னிடமும்."

மறுநாளே நாடெங்கும் எல்லாச் சாலைகளிலும் மண்வெட்டிச் சத்தம் கேட்டது. ராஜாவோ அதன்பிறகு சாலையோரத் தடங்களைப் பார்த்துக்கொண்டே போனான்; பல்லக்கில் கண்ணை மூடவே இல்லை.