போயிட்டு வாரேன்னு சொன்ன சூரியன்

பேசாம உக்காருங்கலே. போன் கண்ணாடியைச் சட்டை நுனியில துடைக்கக்கூட உடம்பு வணங்காது, படம் மங்கலா விழுதுன்னு கம்பெனிக்காரனைத் திட்டுவிய. உங்களுக்குப் போய் கதை சொல்ல வந்தேன் பாருங்க, என்னைச் சொல்லணும்.

அந்தக் காலத்துலன்னா ரொம்பத் தூரம் போயிராதீங்க. கேமராவுல பிலிம் போயி கார்டு வந்துட்டு, ஆனா சூரியனும் கண்ணாடியும் இன்னும் பேச்சை நிறுத்தல. அந்தக் காலம்.

இசக்கிராஜ்னு ஒரு போட்டோக்காரன். அவன் லென்ஸுக்குள்ள அஞ்சு கண்ணாடி, அஞ்சும் அக்கா தங்கச்சிங்க. கடைக்குட்டி மினுக்கிதான் வாசல்ல. அவளுக்கு ஓரிடத்துல இருப்புக்கொள்ளாது. ஆனா குழாய்க்குள்ள இறுக்கிப் பூட்டியிருக்கு, எங்க போவா? வாரவன் போறவன்கிட்ட வாயடிக்கதுதான் பொழைப்பு. அப்பல்லாம் வெளிச்சம் உள்ள நுழையும், "போறேன்"னு ஒரு வார்த்தை சொல்லும், நேரா படம் பதியுற பின்சுவத்து சென்சார்ல போய் விழுந்துரும். படம் கழுவி வச்ச மாதிரி இருக்கும்.

ஒருநாள் சாயங்காலம், தூத்துக்குடி கடற்கரை. பூங்கனிக்குக் கல்யாணமாகி ஒன்பதாம் நாள். புருசன் துரைப்பாண்டி கப்பல் வேலைக்குக் கிளம்பிட்டான். கார்க்காரன் ஹாரனை விட்டு கையை எடுக்கல. கல்யாண ஆல்பத்துல ஒரு படத்துலகூட மாப்பிள்ளை கண்ணைத் திறக்கல. எட்டு மாசம் அவளுக்குத் துணை, இப்ப எடுக்கப்போற ஒரு படம்தான்.

"சட்டுனு எடுங்கண்ணே, நான் போறேன்"னான் துரைப்பாண்டி.

"போறேன்னா சொல்லுதிய? நல்ல வார்த்தை வாயில வராதா அத்தான்? போயிட்டு வாரேன்னு சொல்லுங்க"ன்னா பூங்கனி.

மினுக்கிக்குச் சுருக்குன்னுட்டு. இத்தனை வருசத்துல நம்மகிட்ட ஒரு பய அப்படிச் சொல்லிட்டுப் போனதில்லையே. அந்நேரம் பாத்து, ஜோடிக்குப் பின்னால நின்ன சூரியன் நேரா உள்ள கால் வச்சான்.

"போறேன்."

"நில்லும். அது என்ன எழவு வீட்டுப் பேச்சு? போயிட்டு வாரேன்னு சொல்லிட்டுப் போம்."

"ஏட்டி, சும்மா கெட"ன்னா மூத்தவ. "அவன் சொன்னா சொன்னதுதான்."

சூரியன் சொல்லிட்டான். அஞ்சு பேருகிட்டயும் சொன்னான். சொன்னபடி திரும்பியும் வந்தான். இவகிட்ட போய் அவகிட்ட வந்து, அவகிட்ட போய் இவகிட்ட வந்து, கால் வச்ச இடமெல்லாம் தடம்.

இசக்கிராஜ் படத்தைப் பாத்தான். சுண்ணாம்பு அடிச்ச மாதிரி வெளுத்துக் கெடக்கு. குறுக்கே வரிசையா பச்சை வட்டம்.

"அண்ணே, இவிய மூஞ்சியில என்ன பச்சைக் கொழுக்கட்டை?" பூங்கனி கேமராவை எட்டிப் பாத்தா. "கண்ணைத் தொறந்தாவளான்னே தெரியலையே."

இசக்கிராஜ் லென்ஸைத் துடைச்சான். முன்னால மாட்டியிருந்த அழுக்குப் பில்டரைக் கழட்டினான். கொழுக்கட்டை ரெண்டு குறைஞ்சுது, அவ்வளவுதான். ஹாரன் விடாம கத்துது.

"திரும்பி வராதேயும், கும்புடுதேன்"னா மினுக்கி.

"சொல்லிட்டேனேம்மா. சொன்னா வரணும்லா"ன்னான் சூரியன்.

மூத்தவ சொன்னா: "உள்ள வந்தாத்தான சொல்லுவான். வர விடாத."

"அண்ணே, வாசலை மறைங்க"ன்னு மினுக்கி கத்தினா. இசக்கிராஜ் ஜோடியை ஓரமாத் திருப்பி, சூரியனைப் படத்துக்கு வெளியே தள்ளினான். இடது கையை லென்ஸ் நெத்திக்கு மேல குடை மாதிரி பிடிச்சான். கண்ணாடியில நிழல் விழுந்துது. சூரியன் வாசலோட நின்னுட்டான். கிளிக்.

படத்துல மாப்பிள்ளைக்கு ரெண்டு கண்ணும் திறந்திருந்துது. "போயிட்டு வாரேன்"னு துரைப்பாண்டி ஓடினான். பூங்கனி படத்தைப் பாக்கல, காரையே பாத்துக்கிட்டு நின்னா.

அக்காமாரு சேந்து மினுக்கி வாயில ஊதாப் பூச்சு ஒண்ணைப் பூசிவிட்டாளுவ. பேச்சு குறைஞ்சுது, நிக்கல.

அன்னைக்குப் பிடிச்சதுதான் லென்ஸுக்கு இந்த ஊதா மினுப்பும், முன்னால வெயில் மறைக்குற தொப்பியும், தொப்பி இல்லாதவனுக்குக் கையும். இதுல எதுவும் இல்லன்னா சூரியன் இன்னைக்கும் திரும்பித் திரும்பி வாரான்.

போன வாரம் பால்துரை கல்யாணத்துல நான் எடுத்த படத்துல மாப்பிள்ளை நெத்தியில பச்சை விழுந்ததுக்கு, லென்ஸ் பழசுன்னு சொன்னேன்லா? பொய்யிலே. நான் கையைத் தூக்கல.