பாட்டுக்கு முந்தி

பிலோமினாவின் கடையில் சீடனுக்குத்தான் நரை. குருவுக்கு இன்னும் ஒரு முடிகூட வெளுக்கவில்லை.

பாளையங்கோட்டையில் கார்களுக்கு ஆடியோ மாட்டுகிறவர்கள் பலர் உண்டு. மாட்டியது சரியாகப் பாடவில்லை என்றால் அவர்களே வண்டியைக் கொண்டுவந்து நிறுத்துவது அவள் வாசலில்தான். அவளிடம் தொழில் கற்க வந்தவர் சங்கரலிங்கம். கோயில் கொடை, கல்யாணம், சடங்கு என்று சுற்றுவட்டாரம் முழுக்க மைக் செட் போட்டவர். பனைமரத்து உச்சியில் குழாய் ஸ்பீக்கரைக் கட்டி, ஆற்றுக்கு அக்கரையில் இருப்பவனையும் தூங்கவிடாமல் பார்த்துக்கொண்டவர். பெட்டி ஸ்பீக்கர்கள் வந்தபின் அவருடைய குழாய்களை யாரும் சீண்டவில்லை. வந்த விலைக்குத் தள்ளிவிட்டு, தன் பழைய வெள்ளைக் காருக்கு ஒலியைப் பெருக்கும் ஆம்ப் ஒன்று வாங்கிக்கொண்டு இங்கே வந்து நின்றார்.

அவர் அவளை மாஸ்டர் என்பார். அவள் அவரை அண்ணாச்சி என்பாள்.

அன்று மாலை மைதானத்தில் கார் ஆடியோ போட்டி. சங்கரலிங்கத்தின் காரும் அதில் உண்டு. ஏற்கெனவே இரண்டு ஜோடி ஸ்பீக்கர்களைக் கருக்கிவிட்டார், மாட்டியிருப்பது மூன்றாவது. பிலோமினா கறாராகச் சொல்லியிருந்தாள்.

"இந்த வண்டி ஜெயிச்சா, அடுத்து வார வண்டிய நீங்க தனியாச் செய்யலாம். இதுவும் கருகிச்சுன்னா பழையபடி வயர் இழுக்க வேலைதான்."

காலையில் அவள் டிக்கியைத் திறந்து பார்த்தாள். ஆம்பில் கெயின் திருகு கடைசிவரை போயிருந்தது.

"என்ன அண்ணாச்சி இது?"

"இருக்க சத்தமெல்லாம் வரட்டுமே மாஸ்டர்."

"இது சத்தம் வைக்க திருகு இல்ல. முன்னாடி செட்டு பேசுறத ஆம்ப் எவ்வளவு காதுகொடுத்துக் கேக்கணும்னு வைக்க திருகு."

"அப்போ எவ்வளவு திருப்பினா சரி? அதச் சொல்லுங்க."

அவள் ஒரு பென்டிரைவை முன்பக்கத்து மியூசிக் செட்டில் செருகினாள். எஞ்சினை ஓடவிட்டாள். வால்யூமை ஏற்றினாள்.

பாட்டு வரவில்லை.

மைக் செட்காரனுக்கு அதைவிட அவமானம் கிடையாது. ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்கக் கொஞ்சம் தாமதித்தால் போதும், "ஏ மைக் செட்டு, செத்துட்டியா?" என்று ஊரே கூவும். அதனால் இசைத்தட்டு மாற்றும் நேரத்தைக்கூட சங்கரலிங்கம் சும்மா விட்டதில்லை. மைக்கைப் பிடித்து "ஹலோ, ஹலோ" என்றாவது சொல்லிக்கொண்டிருப்பார். இப்போதும் கை தானாகச் செட்டுக்கு நீண்டது.

பிலோமினா அந்தக் கையைத் தட்டிவிட்டாள்.

"பாட்டு வரல மாஸ்டர்!"

"இதுல பாட்டே கிடையாது. கேளுங்க."

"இல்லாதத என்னத்தக் கேக்க?"

"கேளுங்க அண்ணாச்சி."

கேட்டார். முதலில் ஒன்றும் பிடிபடவில்லை. பிறகு ஸ்பீக்கருக்குள் தாளிப்புச் சட்டி மாதிரி ஓர் இரைச்சல் கேட்டது. அவள் ஆக்ஸிலரேட்டரை மிதித்தாள். அதன்மேல் கொசு ஒன்று ரீங்காரமிட்டு ஏறியது. காலை எடுத்தாள், கொசுவும் இறங்கியது.

"ஏ யம்மா! இது எங்கருந்து வந்துச்சு?"

"எப்பவும் இருந்துச்சு. நீங்கதான் பாட்டப் போட்டு மூடிட்டு இருந்திய."

சங்கரலிங்கத்துக்கு ஆவேசம் வந்துவிட்டது. வீட்டுக்குள் புகுந்த பாம்பைத் தேடுகிறவர்போல டிக்கிக்குள் தலையைவிட்டார். கெயினைக் குறைத்தார், இரைச்சல் அடங்கியது. கொசு மட்டும் போகவில்லை. வயர் வயராகத் தடவிக்கொண்டு போனவர், எர்த் வயரைப் பெயின்ட் மேலேயே முடுக்கியிருந்ததைக் கண்டு தன் தலையில் தானே அடித்துக்கொண்டார். உப்புத்தாளால் தகரம் பளிச்சென்று தெரியும்வரை தேய்த்து மறுபடி முடுக்கினார். கொசு செத்தது.

அதன்பிறகுதான் அவள் பாட்டு போட்டாள். அவர் கெயினை மயிரிழை மயிரிழையாக ஏற்றினார். பாடகரின் தொண்டை லேசாகக் கரகரத்த இடத்தில் அவள் விரலை உயர்த்தினாள். கொஞ்சம் பின்னால் வந்து நிறுத்தினார். திருகு பாதியைக்கூடத் தொடவில்லை.

"இவ்வளவுதானா? பக்கத்து வண்டிக்காரன் சிரிப்பான் மாஸ்டர்."

"சிரிக்கட்டும்."

மாலையில் மைதானமே அதிர்ந்தது. ஒவ்வொரு கார் பாடும்போதும் நெஞ்செலும்பு குதித்தது. சங்கரலிங்கம் திருவிழாவில் தொலைந்த பிள்ளை மாதிரி வாயைப் பிளந்துகொண்டு சுற்றினார். அவருடைய முறை வந்தபோது ஓட்டுநர் இருக்கையில் ஏறி உட்கார்ந்தார்.

நடுவர் பக்கத்து இருக்கையில் அமர்ந்து கதவைச் சாத்தினார். நடுவர் உட்கார்ந்தபின் வண்டிக்காரர் செட்டைத் தொடக்கூடாது, தொட்டால் போட்டியிலிருந்து வெளியே. அது அங்கே விதி. எஞ்சின் ஓடியது. நடுவர் தன் பென்டிரைவைச் செருகினார். புல்லாங்குழல் வந்தது. ஒரு பெண் பாடினாள். சங்கரலிங்கத்துக்குப் பெருமை தாங்கவில்லை.

திடீரென்று பாட்டு நின்றது.

ஏ மைக் செட்டு, செத்துட்டியா? அத்தனை ஊர்க் குரலும் அவர் காதுக்குள் கூவியது. வலது கை எழும்பிவிட்டது. இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அவற்றின்மேலேயே உட்கார்ந்துகொண்டார்.

நடுவர் ஆக்ஸிலரேட்டரை மிதிக்கச் சொன்னார். மிதித்தார். கொசுச் சத்தம்கூட இல்லை. நடுவர் குனிந்து ஸ்பீக்கரில் காதை வைத்தார்.

"செட்டு ஆஃப் ஆயிடுச்சா?"

"இல்ல சார்," என்றார் சங்கரலிங்கம். "ஓடிட்டுதான் இருக்கு."

அவர் சொல்லி முடிக்கவும், நடுவரின் பாட்டிலேயே விட்டிருந்த இடைவெளி முடிந்து தவிலில் ஓர் அடி விழுந்தது. நடுவர் துள்ளியெழுந்து கூரையில் தலையை முட்டிக்கொண்டார். சங்கரலிங்கம் வாய்விட்டுச் சிரித்தார். கண்ணும் கலங்கிவிட்டது.

முடிவு சொல்லும் நேரம். மேடையில் அறிவிப்பாளர் வாயைத் திறந்ததும் ஸ்பீக்கர் கூவென்று ஊளையிட்டது. "கேக்கல, கேக்கல!" என்று கூட்டம் கத்தியது. மைக் செட்காரர் பதறிப்போய் இன்னும் ஏற்றினார். ஊளை இரண்டு மடங்கானது.

சங்கரலிங்கம் கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடினார். மைக் செட் மேசையில் எட்டித் திருகைக் குறைத்தார்.

"அண்ணாச்சி, குறைச்சா எப்படிக் கேக்கும்?" என்றார் மைக் செட்காரர்.

"கேக்கும்வே. பொறும்."

ஊளை நின்றது. கூட்டமும் என்னவோ ஏதோவென்று வாயை மூடியது. அந்த அமைதிக்குள் அறிவிப்பாளரின் குரல் பக்கத்தில் நின்று பேசுவதுபோல வந்தது.

"தெளிவான ஒலிக்கான கோப்பை, சங்கரலிங்கம்."

மைதானம் முழுக்கக் கைதட்டல். சங்கரலிங்கம் அப்படியே குதித்தார். கூட்டத்தின் பின்வரிசையிலிருந்து வந்துகொண்டிருந்த பிலோமினாவைப் பார்த்துக் கத்தினார்.

"மாஸ்டர்! என் பேரு!"

"நாளைக்கு வார வண்டி உங்களுக்குத்தான் அண்ணாச்சி."

அவருக்குத் தலைகால் புரியவில்லை. கை மறுபடி அந்தத் திருகின்மேல் போய் உட்கார்ந்தது.

"மாஸ்டர், இன்னொருக்க சொல்லச் சொல்லட்டா? கொஞ்சம் ஏத்தி வைக்கேன்."

"வேண்டாம் அண்ணாச்சி," என்றாள் பிலோமினா. "கடைசி வரிசையில நின்ன எனக்கே கேட்டுச்சு."