கிருபா வாசிக்காத இடம்

குருவைவிடச் சீடருக்கு இருபத்தாறு வயது அதிகம். பியூலா டீச்சர் பெரம்பூரில் கிடார் வகுப்பு நடத்துகிறவர், முப்பத்தைந்து வயது. சீடர் சிங்காரவேலு, குடிநீர் வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இந்த வயதில் இவருக்கு எதற்குக் கிடார் என்று தெருவே சிரித்தது.

அவருடைய ஒரே மகன் கிருபா, பாட்டுக்கு அடியில் கனத்த சுரங்களாக ஒலிக்கும் பேஸ் கிடார் வாசித்தவன். நண்பர்களோடு சேர்ந்து ஒரே ஒரு ஜாஸ் ஆல்பம் பதிவு செய்தான். போன வருடம் காய்ச்சலில் போய்விட்டான். அது தெரிந்தவர்கள் சிரிக்கவில்லை.

ஒரு நாள் வகுப்புக்கு வந்தவர் கிடாரைத் தொடவே இல்லை.

"டீச்சர், ஒண்ணு கேக்கணும். மனசு மரத்துப்போகுமா?"

"என்ன ஆச்சு சார்?"

"அந்த ஆல்பத்துல மூணாவது பாட்டு. ஜாஸ்னா என்னன்னே எனக்குத் தெரியாது. அதுல வார்த்தைகூடக் கிடையாது. ஆனா எப்பப் போட்டாலும் நெஞ்சைப் பிடிச்சு இழுக்கும். அழுது முடிச்சாத்தான் சோறு இறங்கும். இப்ப பத்து நாளாக் கேக்கறேன், ஒரு சொட்டுக் கண்ணீர் வரல. பெத்த புள்ளையை மறந்துட்டேனா?"

டீச்சர் கையை நீட்டினார். "போனைக் கொடுங்க."

போனில் பேஸ் மட்டும் ஒலித்தது.

"மத்தவங்க எங்க?"

"ஒரு ஆப் இருக்கு டீச்சர், வாத்தியத்தைத் தனித்தனியாப் பிரிச்சுக் கொடுக்குது. பத்து நாளைக்கு முன்னாடி சாக்ஸபோன், பியானோ, டிரம்ஸ் எல்லாத்தையும் எடுத்துட்டேன். என் புள்ளை சத்தம் மட்டும் போதும்னு."

"நடுவுல தாளம் தாவுதே?"

"அவன் வாசிக்காம சும்மா இருந்த இடத்தையும் வெட்டிட்டேன். ஒண்ணரை நிமிஷம். அவன் சத்தமே இல்லாமக் கேக்க மனசு தாங்கல."

இதைக் குறை சொல்ல யாருக்கு மனம் வரும்? எனக்கு வரவில்லை. டீச்சருக்கும் வரவில்லை போலிருக்கிறது. எழுந்து, அதே போனில் இருந்த வெட்டாத முழுப் பாட்டைத் தன் ஸ்பீக்கரில் போட்டார்.

மூன்றாவது நிமிடத்தில் பேஸ் நின்றது. பியானோவும் டிரம்ஸும் நின்றன. சாக்ஸபோன் தனியே மேலே ஏறியது, தயங்கியது, வழி தெரியாமல் ஒரே இடத்தைச் சுற்றிச் சுற்றி வந்தது. சிங்காரவேலு நாற்காலி நுனியில் உட்கார்ந்து மகனுக்காகக் காத்திருந்தார்.

சாக்ஸபோன் உடைந்துவிடும் என்று தோன்றிய நொடியில், அடியிலிருந்து ஒரே ஒரு சுரம் வந்து அதைத் தாங்கிக்கொண்டது. அது கிருபா.

சிங்காரவேலு முகத்தை மூடிக்கொண்டு அழுதார். டீச்சர் தடுக்கவில்லை. தண்ணீர் மட்டும் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார்.

பாட்டு முடிந்ததும் சிங்காரவேலு முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டார்:

"அத்தனை நேரம் சும்மா இருந்துட்டு, கரெக்டா அந்த இடத்துல எப்படி டீச்சர் வந்தான்?"

"சும்மா எங்க சார் இருந்தான்? கூட்டாளி தடுமாறுறதைக் கேட்டுக்கிட்டே நின்னிருக்கான்."