பித்தளைக் குடமும் வாசல் செருப்பும்

வெகு காலத்துக்கு முன்னால், மீன்கள் கரையோரம் வந்து மனிதர்களிடம் ஊர்ச் சேதி கேட்டுப் போன காலத்தில், அல்லிநாடு என்று ஒரு நாடு இருந்தது. அதன் கடைசி ராஜா பிள்ளை இல்லாமல் இறந்தார். இறக்கும் முன் அரண்மனை முற்றத்தில் இரண்டு பெரிய கல்தொட்டிகளைக் கட்டி, ஒவ்வொன்றிலும் ஒரு மர அன்னத்தை விட்டுப் போனார். ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை வீட்டுக்கு ஒருவர் குடத்தில் தண்ணீர் கொண்டுவருவார். தனக்குப் பிடித்த கட்சியின் தொட்டியில் ஊற்றுவார். எந்த அன்னம் மிதந்து உயர்ந்து அரியணை மாடத்தைத் தொடுகிறதோ, அந்தக் கட்சிக்கு ஆட்சி. வாள் கிடையாது, சண்டை கிடையாது. தண்ணீர்தான் தீர்ப்பு.

நம் கதை நடந்தபோது பொற்குடைக் கட்சி ஆண்டுகொண்டிருந்தது. தலைவர் திருமேனியார். கட்சிக்கு முரசு அடித்துப் பாட்டுக் கட்டிச் சொல்பவள் வஞ்சி. அவள் வாய் திறந்தால் மூன்று தெரு தள்ளி உலை வைத்தவள்கூட அடுப்பை அணைத்துவிட்டு வருவாள். கட்சி நல்லது செய்கிறது என்று அவள் மனதார நம்பினாள். நம்பாத சொல் அவள் முரசில் ஏறாது.

அந்த ஐப்பசியில் பேரேரி உடைந்தது. மழையால் அல்ல. ஏரிக்கரைக் கல்லை உருவி, வண்டி வண்டியாக ஏற்றி, மந்திரி பெருநிலத்தார் தனக்கு ஏழு அடுக்கு மாளிகை கட்டிக்கொண்டிருந்தார். வண்டிகள் போனதை ஊரே பார்த்தது. கரை வாய் பிளந்த அன்று, அடைக்கப் போன ஆண்கள் பலர் திரும்பவில்லை. வஞ்சியின் அக்காள் சிவந்தியின் புருஷன் சாத்தனும் அதில் ஒருவன். சேற்றில் இறங்குகிறவன் ஆனதால் செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டுப் போயிருந்தான்.

நாடு கொதித்தது. சந்தையில், படித்துறையில், களத்துமேட்டில் ஒரே பேச்சு. போன தடவை இவர்களுக்கு ஊற்றிய கை, இந்தத் தடவை ஒரு சொட்டுகூட ஊற்றாது என்றார்கள். வஞ்சி நேரே தலைவரிடம் போனாள். மந்திரியை விலக்குங்கள் என்று கேட்டாள்.

திருமேனியார் அவளை மகளைப் போலப் பார்த்தார். "ஒரு கல்லை உருவினா மொத்தக் கட்டடமும் சரியும் அம்மா. கட்சியும் அப்படித்தான்."

"ஏரிக்கரையும் அப்படித்தான் ஐயா சரிஞ்சுது."

அவர் அவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டார். அன்று மாலையே ஒரு மந்திரவாதியை வரவழைத்தார். அவன் பெயர் அஞ்சனன். கண்ணைச் சுற்றிக் கன்னம் வரை மை தீட்டியிருப்பான். வீட்டுக்கு ஒரு பித்தளைக் குடம் கொடுங்கள், மீதியை என் குடம் பார்த்துக்கொள்ளும் என்றான். இந்தப் பேச்சு எதுவும் வஞ்சிக்குத் தெரியாது. வெள்ளத்தில் பானை சட்டி இழந்த ஜனங்களுக்கு ஒத்தாசை என்று சொல்லி அவளைத் தூரத்து ஊர்களுக்கு அனுப்பினார்கள். அவளும் மனம் ஆறி, குடத்துக்குப் பாட்டுக் கட்டி, முரசு அடித்து ஊர் ஊராகப் போனாள். ஜனங்கள் கை நீட்டி வாங்கினார்கள். குடம் பளபளத்தது. குடத்து நீர் குளிர்ந்தது. குடித்தவர் முகம் தெளிந்தது. வழி நடக்கிறவள் ஆனதால் வஞ்சி மட்டும் ஓடைத் தண்ணீரைக் கையால் அள்ளிக் குடித்தாள்.

ஊர் திரும்பியபோது சிவந்தி மகள் குயிலிக்குச் சடை பின்னிக்கொண்டிருந்தாள். கூடவே மெல்லப் பாடிக்கொண்டும் இருந்தாள். வஞ்சிக்கு நெஞ்சு நிறைந்தது. அக்காள் தேறிவிட்டாள் என்று நினைத்து, அத்தானுக்கு ஒரு விளக்கு ஏற்றலாமா என்று மெதுவாகக் கேட்டாள்.

"எந்த அத்தான்?" என்றாள் சிவந்தி.

விளையாட்டில்லை. அவள் முகம் கழுவிவைத்த பலகை மாதிரி இருந்தது. பக்கத்து வீட்டிலும் அப்படியே. கீழத்தெரு முழுக்க அப்படியே. ஏரி உடைந்ததா, எப்போது என்று கேட்டார்கள். பெருநிலத்தார் மாளிகை என்ன அழகு என்றார்கள். குடம் பளபளத்தது. குடத்து நீர் குளிர்ந்தது. குடித்தவர் முகம் தெளிந்தது.

இது குடத்தின் வேலைதான் என்று புரிந்ததும் வஞ்சி சும்மா இருக்கவில்லை. முதலில் சந்தையில் முரசு அடித்து நடந்ததையெல்லாம் சொன்னாள். நல்ல கதை, இன்னொரு தடவை சொல்லு என்று சிரித்தார்கள். இரண்டாவதாக, அக்காள் வாங்கி வைத்திருந்த குடத்தை உலக்கையால் நசுக்கினாள். உலக்கையை எடுத்ததும் குடம் உப்பி எழுந்தது. மூன்றாவதாக அதைக் கிணற்றில் போட்டாள். அவள் வீடு வந்து சேருமுன் அது அடுப்படியில் உட்கார்ந்து ஈரம் சொட்டிக்கொண்டிருந்தது.

தோற்றுப்போய், உடைந்த ஏரிக்கரையில் போய் உட்கார்ந்து அழுதாள். கல் இடுக்கிலிருந்து ஒரு உடும்பு தலை நீட்டியது.

"அழாதேன்னு சொல்லமாட்டேன். இந்த நாட்டிலே இப்போ அழுறது நீ ஒருத்திதான். நிறுத்திட்டா அதுவும் போயிடும்" என்றது.

வஞ்சி பயப்படவில்லை. பயப்படுவதற்கு மிச்சம் எதுவும் இல்லை. இந்த மாயத்தை எப்படி உடைப்பது என்று கேட்டாள்.

"உடைக்க முடியாது. வாங்கின கையே திருப்பி வைக்கணும். கொடுத்தவன் வாசல்லேயே வைக்கணும். பதிலுக்கு ஒண்ணும் கேட்கக் கூடாது."

"எதை மறந்தோம்னே தெரியாதவங்க எதுக்காகத் திருப்பி வைப்பாங்க?"

"மனுஷங்க மறப்பாங்க. வீடு மறக்காது. போய்ப் பாரு" என்று சொல்லிவிட்டு உடும்பு கல்லோடு கல்லாக ஒட்டிக்கொண்டது.

மறுநாள் காலை வஞ்சி அக்காள் வீட்டைப் பார்த்தபடி நின்றாள். சிவந்தி வாசல் தெளித்தாள், கோலம் போட்டாள். பிறகு சுவரோரம் கிடந்த ஆண் செருப்பு இரண்டையும் எடுத்து, முந்தானையால் தூசி துடைத்து, சேர்த்து வைத்தாள்.

"யாரோட செருப்புக்கா அது?"

சிவந்தியின் கை நின்றது. "தெரியலைடி. தினம் தூக்கி எறியணும்னு நினைக்கிறேன். எடுத்தா துடைக்கத்தான் தோணுது. எறிய மனசு வரலை."

வஞ்சி அவள் காலடியில் உட்கார்ந்தாள். தெரிந்துகொள்ள வழி இருக்கிறது, ஆனால் தெரிந்தால் தாங்க முடியாமல் வலிக்கும், இப்போது இருக்கிற சிரிப்பு போய்விடும் என்று ஒளிக்காமல் சொன்னாள். குடத்தைத் திருப்பித் தர வேண்டும் என்றும் சொன்னாள்.

சிவந்தி வெகு நேரம் செருப்பைப் பார்த்தாள். உள்ளே குயிலி ஏதோ பாடிக்கொண்டிருந்தாள். "இந்தப் பிள்ளை ஒருநாள் என்கிட்டே கேட்கும்டி. அப்போ தெரியாதுன்னு சொல்ல எனக்கு விருப்பமில்லை."

தண்ணீர் ஊற்றும் நாள் வந்தது. அரண்மனை முற்றத்தில் பித்தளைக் குடங்கள் சூரியனைத் துண்டு துண்டாக வெட்டின. வரிசை முழுக்கப் பொற்குடைத் தொட்டியை நோக்கியே நகர்ந்தது. அன்னம் கிடுகிடுவென்று ஏறியது. எதிர்த்தரப்பான வெண்கொடிக் கட்சிக்காரர்கள், எங்களுக்கு ஊற்றினால் வெள்ளிக்குடம் என்று ஓரமாக நின்று கத்திக்கொண்டிருந்தார்கள். அரண்மனை வாசற்படியில் திருமேனியார், பக்கத்தில் பெருநிலத்தார், பின்னால் அஞ்சனன்.

சிவந்தி வரிசையை விட்டு விலகி நேரே படிக்கு வந்தாள். குடத்து நீரைத் தரையில் கொட்டினாள்.

அஞ்சனன் குனிந்து, தங்கக் குடம் தருகிறேன் என்றான். வேண்டாம் என்றாள். மாளிகையில் ஒரு அடுக்குத் தருகிறேன் என்றான். வேண்டாம் என்றாள். "உன் பெண்ணுக்கு ஒருநாளும் கண் கலங்காத வரம் தருகிறேன்" என்றான். அங்கேதான் அவள் கொஞ்சம் தயங்கினாள். 

"கண் கலங்காம யாரை நினைக்கிறதாம்?" என்று சொல்லி, சிவந்தி குடத்தை அந்தப் படியில் கவிழ்த்து வைத்தாள்.

கை விலகியதும் அவள் முகம் உடைந்தது. "சாத்தா" என்று ஒரு குரல் எழுந்தது. நாட்டில் பல மாதமாக யாரும் கேட்டிராத குரல். தொட்டியில் ஊற்றிக்கொண்டிருந்தவர்கள் ஊற்றுவதை நிறுத்தித் திரும்பினார்கள்.

கூட்டத்தில் ஒரு கிழவர் மெதுவாகச் சொன்னார்: "என் வீட்டுலே ஒரு கட்டில் காலியா கிடக்கு. யார் படுத்த கட்டில்னு எனக்குத் தெரியலை." அவரும் வந்து குடத்தைப் படியில் வைத்தார். வைத்ததும் மகன் பெயரைச் சொல்லி உட்கார்ந்துவிட்டார். பிறகு ஒரு பெண், யாருக்கோ அளவெடுத்துத் தைத்த சட்டையை நினைத்துக் குடத்தை வைத்தாள். பிறகு இன்னொருவர். பிறகு தெருவே. எல்லோரும் வைக்கவில்லை. நல்ல பித்தளையை விட மனமில்லாமல் இடுப்போடு அணைத்துக்கொண்டு போனவர்களும் உண்டு. ஆனால் வைத்தவர்கள் அதிகம்.

வைத்தவர்கள் வீட்டுக்கு ஓடி, வெள்ளத்தில் மிஞ்சிய பழைய மண்குடத்தை எடுத்துக்கொண்டு வந்தார்கள். இப்போது வரிசை திசை மாறியது. ராஜா கட்டிய தொட்டி ஆயிற்றே, மறந்த கை ஊற்றிய நீரை அது வைத்துக்கொள்ளவில்லை. கல்லுக்குள் இறங்கிக் காணாமல் போயிற்று. பொற்குடை அன்னம் படிப்படியாகத் தாழ்ந்து தரையில் முட்டியது. அஞ்சனனின் கண் மை வழிந்தது, முகம் வழிந்தது, ஆளே வழிந்து படியில் ஒரு கறுப்புக் கறையாக ஆனான்.

திருமேனியார் தன் பொற்குடையை மடக்கி வஞ்சியின் கையில் கொடுத்தார். "அன்னிக்கே அந்த ஒரு கல்லை எடுத்திருக்கணும் அம்மா" என்றார். அவள் குடையைத் தரையில் வைத்தாள்.

வெண்கொடிக்காரர்கள் ஆட்சிக்கு வந்தார்கள். முதல் நாளே ஜனங்கள் அவர்களிடம் வெள்ளிக்குடம் வேண்டாம் என்றார்கள். பெருநிலத்தாரின் மாளிகைக் கல் ஏழு அடுக்கும் இறங்கி ஏரிக்கரைக்குத் திரும்பியது. கடைசிக் கல் வரை பெருநிலத்தாரே தலையில் சுமந்தார். குடங்களை உருக்கி ஒரு பெரிய மணி வார்த்துக் கரையில் தொங்கவிட்டார்கள். யாராவது ஒரு கல்லைத் தொட்டால் அது தானாக ஒலிக்கும். உடும்பு அதன் அடியில் காவல்.

வஞ்சி அதற்குப் பிறகு எந்தக் கட்சிக்கும் பாட்டுக் கட்டவில்லை. முன்பெல்லாம் தண்ணீர் ஊற்றும் நாளில் கட்சிப் பெயரைச் சொல்லி முரசு அடித்தவள், இப்போது ஏரியில் போனவர்களின் பெயரைச் சொல்லி அடிப்பாள். ஆள்பவர் யாரானாலும் அந்தப் பெயர்கள் முடியும்வரை நின்றே கேட்க வேண்டும்.

சிவந்தி இப்போதும் விடிந்ததும் வாசல் தெளிப்பாள், கோலம் போடுவாள், அந்தச் செருப்பைத் துடைத்துச் சேர்த்து வைப்பாள். யாருடையது என்று குயிலி கேட்பாள். சிவந்தி சொல்லத் தொடங்குவாள். சில நாள் சிரித்துக்கொண்டு, சில நாள் அழுதுகொண்டு. அந்த நாட்டு ஏரி இன்றுவரை உடையவில்லை. கதை கேட்டவர்கள் வீட்டுக் கரையும் உடையாதிருக்கட்டும்.