காணாமல் போன நெய்

தராசு சரியாகத்தான் சொன்னது. பார்த்தவர்களுக்குத்தான் புத்தி இல்லை.

முன்னொரு காலத்தில் கருவேல நாட்டைக் கோளரி என்றொரு ராஜா ஆண்டார். காலையில் ஒரு பேச்சு, மாலையில் ஒரு பேச்சு. அப்படிப்பட்ட ஆள். அவருடைய மல்லன் செங்கோடன். மறுநாள் பக்கத்து நாட்டு மல்லனோடு அவனுக்கு மல்யுத்தம்.

செங்கோடனுக்குக் கிடைக்கும் பாராட்டு மடைப்பள்ளி அதிகாரி அம்பலத்தரையனுக்குப் பொறுக்கவில்லை. சபை நடுவே மல்லனைத் தராசில் ஏற்றினான். போன வருஷம் ஆறு மணங்கு. இப்போது எட்டு.

"பார்த்தீர்களா மகாராஜா! மடைப்பள்ளியில் மாதம் இரண்டு குடம் நெய் காணோம். இதோ, இவன் உடம்பில் இருக்கிறது."

"வருஷம் பூரா கர்லாக்கட்டை சுற்றினேன் மகாராஜா. இது கொழுப்பில்லை, தசை."

"எதுவானால் என்ன, எட்டு எட்டுதான்!" ராஜா கத்தினார். "இன்றைக்கே நாட்டை விட்டுப் போ."

செங்கோடன் தராசை விட்டு இறங்கினான். மடைப்பள்ளிக்கு நெய் கொண்டுவந்த பெண்ணொருத்தி சபை ஓரத்தில் குடத்தை இறக்கி வைத்தாள்.

"அதிகாரி ஐயா எத்தனை மணங்கு?" என்று கேட்டாள்.

ராஜா சிரித்தார். "துலாபாரத்தில் நானே பார்த்தேன். அவனும் எட்டு."

"அப்போ ரெண்டு பேரையும் தண்ணிக்குள்ளே நிறுத்துப் பாருங்க."

"இவளுக்குப் பைத்தியம்!" என்றான் அதிகாரி.

"முப்பது வருஷமா நெய் விக்கிறேன். நெய் மிதக்கும், கறி முழுகும். மனுஷ உடம்பும் அப்படித்தான்."

ராஜாவுக்கு வேடிக்கை பிடிக்கும். யானை குளிக்கும் குளத்தங்கரை மரத்தில் பெரிய தராசைக் கட்டினார்கள். ஒரு தட்டில் மல்லன், மறு தட்டில் அதிகாரி. கோல் மட்டமாக நின்றது. கயிற்றைக் கழுத்தளவு தண்ணீர் வரை இறக்கினார்கள்.

"மூச்சை வெளியே விட்டுட்டு முங்குங்க" என்றாள்.

அதிகாரி கன்னத்தை உப்பிக்கொண்டான்.

"ஐயா, காத்தையுமா திருடணும்? விடுங்க!"

விட்டான். இருவரும் முங்கினார்கள். மல்லன் தட்டு அடியில் போயிற்று. அதிகாரி தட்டு மேலே வந்தது. முதலில் குடுமி, பிறகு தொப்பை.

"அடேய், என் நெய் மிதக்கிறது!" என்றார் ராஜா.

அதிகாரி தண்ணீரைத் துப்பினான். "கொஞ்சம்... ருசி பார்த்தேன் மகாராஜா."

"ஆறு மாசம் செங்கோடனிடம் கர்லா சுற்று. பிறகு மறுபடி முங்கு."

மறுநாள் செங்கோடன் ஜெயித்தான். ராஜா தன் முத்துமாலையைக் கழற்றி அந்தப் பெண்ணுக்குப் போட்டார். அன்று முதல் கருவேல நாட்டில் மல்லர்களை நிறுக்கும் பொறுப்பு மடைப்பள்ளிக்கு இல்லை. நெய்க்காரி வெள்ளச்சிக்கு.